வேகமாக வளரும் லிம்போமாவுக்கு ஏன் நம்பிக்கை அதிகம்?

கேட்க முரணாகத் தோன்றும், ஆனால் உண்மை. லிம்போமா எனும் நிணநீர்ப் புற்றுநோயில், மளமளவென்று வளரும் வகைகளைத்தான் பெரும்பாலும் முழுமையாகக் குணப்படுத்த முடிகிறது. கீமோதெரபி மருந்துகள் பிரிந்து பெருகும் செல்களையே அதிகம் தாக்குகின்றன. மெதுவாக வளரும் ஃபாலிகுலர் வகையிலோ பிரியாமல் ஓய்ந்திருக்கும் செல்கள் தப்பிவிடுகின்றன; நோய் அடங்கும், ஆண்டுகள் கழித்துத் திரும்பும். இருந்தும் அந்த நோயாளிகளில் பலர் இருபது ஆண்டுகள்கூட வாழ்கிறார்கள். அவர்களில் அறிகுறி இல்லாதவருக்கு உடனே மருந்து தராமல் கண்காணிப்பது அலட்சியமல்ல, முறையான சிகிச்சை. இதை வீட்டாருக்குப் பொறுமையாக விளக்கியே ஆக வேண்டும்.

1997-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ரிட்டுக்ஸிமாப் எனும் மருந்து, பி செல்கள் எனும் வெள்ளையணுக்களின் மேலுள்ள சிடி20 புரதத்தைப் பற்றி, அவற்றை நோயெதிர்ப்பு மண்டலத்துக்குக் காட்டிக்கொடுக்கிறது. கீமோவுடன் இதையும் சேர்த்தால், வேகமான டிஃப்யூஸ் லார்ஜ் பி செல் வகையில் ஏறத்தாழ 10 பேரில் 6 பேர் குணமடைகிறார்கள். இரண்டு ஆண்டுகள் நோய் திரும்பாதிருந்தால், அதன்பின் அவர்களின் ஆயுள் அதே வயதுள்ள மற்றவர்களின் ஆயுளை நெருங்கிவிடுகிறது.