பாட்டியின் பாசிமாலை
(பெட்டிக்குள் இருந்தவை – 9)

சென்ற வாரம் ட்ரங்குப் பெட்டியின் அடித்தட்டு வரை வந்திருந்தோம். அங்கே ஒரு பழைய பால் டின். மூடியைத் திறந்தால் அறுந்துபோன பாசிமாலை. எண்ணிப் பார்த்தேன்: 184 மணி. பெரும்பாலும் செங்கல் நிறம், ஊடே கொஞ்சம் மஞ்சள், நாலைந்து கறுப்பு.

“பால் வெட்டப் போகும்போது பாட்டி இதைப் போடாதுடா, திருவிழாவுக்குத்தான்” என்றார் சின்னம்மா. “ரஜூலாவுல வந்தது” என்றும் சேர்த்துக்கொண்டார். ரஜூலா கப்பல் 1926 முதல் 1970களின் தொடக்கம் வரை நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் ஓடியது. ஆனால் நம் தோட்டத்து வீடுகளில் பழையது எதுவானாலும் ரஜூலாவில் வந்ததுதான், ஈப்போ கடைத்தெருவில் வாங்கியதுகூட. ஆகவே அந்தத் தகவலைக் கொஞ்சம் தள்ளியே வைத்தேன்.

மாலையை நானே கோக்க உட்கார்ந்தேன். தூண்டில் போடும் தங்கூஸ் உறுதியாக இருக்குமே என்று எனக்கு ஓர் எண்ணம். கோத்து முடித்ததும் மாலை கழுத்தில் படியாமல் கம்பி வளையம் மாதிரி விறைத்து நின்றது. மூன்றாம் நாள் முடிச்சு நழுவி, மணியெல்லாம் சமையலறையில் சிதறியது. பொறுக்கினால் 182. அந்தக் கோபத்தில்தான் ஒரு மணியை விரல் நுனியில் வைத்து உற்றுப் பார்த்தேன். துளையின் விளிம்பு சில மணிகளில் மழுங்கியிருந்தது, சிலவற்றில் பிளேடு போல இருந்தது. பாட்டியின் பருத்தி நூல் ஏன் அறுந்தது என்று அப்போது புரிந்தது.

இந்த வகை மணியை ஒவ்வொன்றாக உருட்டிச் செய்வதில்லை. உருகிய கண்ணாடியின் நடுவே துளை விட்டு நீளக் குழாயாக இழுக்கிறார்கள். ஆறியபின் பொடிப்பொடியாக நறுக்கி, சாம்பலோடு சேர்த்து மறுபடி சூடாக்குகிறார்கள். சாம்பல் துளை அடைபடாமலும் மணிகள் ஒட்டிக்கொள்ளாமலும் காக்கும், சூடு விளிம்பை மழுக்கும். சூடு போதாத மணிக்குக் கத்தி முனை மிஞ்சும். திருப்பதிக்குப் பக்கத்தில் பாப்பாநாயுடுபேட்டையில் இந்தக் கைத்தொழில் நம் காலம் வரை நீடித்தது. அதே முறை புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இருந்திருக்கிறது. அங்கிருந்து கடல் தாண்டிப் பரவிய இந்தச் சின்ன மணிகளுக்கு ஆய்வாளர் பீட்டர் பிரான்சிஸ் ‘இந்தோ-பசிபிக் மணி’ என்று பெயர் வைத்தார்.

பரவிய இடங்களில் ஒன்று நம் பேராக். மாத்தாங் சதுப்புக் காட்டோரம் கோலா செலின்சிங்கில், ஐவர் எவன்ஸ் 1920களின் இறுதியிலும் அடுத்த சில ஆண்டுகளிலும் தோண்டினார். அப்போது அவர் தைப்பிங் அருங்காட்சியகத்தில் வேலையில் இருந்தார். சேற்றில் கண்ணாடி மணிகளும் சூதுபவள மணிகளும் கிடைத்தன. விஷ்ணுவர்மன் என்ற பெயரைப் பல்லவ எழுத்துச் சாயலில் வெட்டிய சூதுபவள முத்திரையும் அங்கே கிடைத்ததுதான். அந்தச் சதுப்புக்கு அருகே கிரியானில்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்கள் எழுந்தன. ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்கள் வந்து வெட்டிய கரும்பு அது. பிறகு அதே நிலத்தில் ரப்பர். சஞ்சிக்கூலியாக வந்தவர்களின் காலடிக்குச் சற்றுத் தொலைவில், அவர்கள் ஊர்ப் பக்கத்து வேலைப்பாட்டில் செய்த மணி சேற்றுக்குள் கிடந்திருக்கிறது. யாருக்கும் தெரியாது. பாட்டியின் மணி அத்தனை பழையது என்று நான் சொல்ல வரவில்லை, அதன் துளை சொல்லும் கதை பழையது.

இரண்டாம் முறை அவசரப்படவில்லை. மணிகளை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் அலசி, துண்டில் உலர்த்தினேன். (“புளி போட்டுத் தேய்” என்றார் சின்னம்மா. பழைய கண்ணாடிக்குப் புளிப்பு ஆகாது.) மெழுகு பூசிய பாலியஸ்டர் நூல், இரட்டையாக. ஊசி நுழையாத மணியை வற்புறுத்தாமல் ஒதுக்கிவிட வேண்டும், அழுத்தினால் பிளந்துவிடும். பிளேடு விளிம்பு உள்ளவற்றையும் ஒதுக்கினேன். பத்து மணிக்கு ஒரு முடிச்சு, அறுந்தாலும் பத்தோடு போகும். கடைசியில் நூலை இறுக்கி இழுக்காமல் ஓர் அரிசி நீளம் தளர்வு விட்டேன். இறுக்கினால் மணியே நூலை அறுக்கும்.

நீளம்தான் போதவில்லை. தலை வழியாகப் போட 27 அங்குலமாவது வேண்டும், 3 மில்லிமீட்டர் மணியில் அதற்கு ஏறக்குறைய 230 தேவை. ஞாயிற்றுக்கிழமை ஈப்போ பாசார் காராட்டுக்குப் போய், அதே செங்கல் நிறத்தில் ஒரு கொத்து பேரம் பேசி வாங்கி வந்தேன். வீட்டில் கன்னத்தில் வைத்துப் பார்த்தால் குளிரவே இல்லை. பிளாஸ்டிக். கண்ணாடி என்றால் சில்லென்று இருக்கும், பல்லில் தட்டினால் கணீரென்னும். சந்தையிலேயே பல்லில் தட்டிப் பார்க்க எனக்குக் கூச்சம். பாட்டி தட்டியிருப்பார்.

ஒதுக்கியவை போக மிஞ்சியதை வைத்து, கழுத்தை ஒட்டிய மாலையாக, பின்னால் ஒரு பித்தளைக் கொக்கியோடு முடித்தேன். நிறங்களை வரிசையாக அடுக்கவில்லை, டின்னிலிருந்து கைக்கு வந்தபடியே கோத்தேன். சின்னம்மா தைப்பூசத்துக்குப் போட்டுக்கொண்டார்.

ஒரு மாதம் கழித்து அடுப்பை நகர்த்தியபோது தொலைந்த இரண்டில் ஒன்று கிடைத்தது, மஞ்சள் மணி. மாலையை அவிழ்க்க மனமில்லை. பால் டின்னுக்குள் போட்டு மூடினேன்.

(தொடரும்)