யூதர் விருந்தில் கடற்பாசி

கொல்கத்தாவுக்குப் படிக்க வந்த நம் மாணவரில், நியூ மார்க்கெட்டில் நகூம் கடைக் கேக்கைச் சுவைக்காதவர் சிலரே. 1902-இல் தொடங்கிய அக்கடை பாக்தாத் யூதர் குடும்பம் ஒன்றினுடையது. அச்சமூகத்தாரின் வீட்டு விருந்துகளில் இன்னோர் இனிப்பும் உண்டு. அதன் பெயர் அகர் அகர். நம் ஊர்க் கடற்பாசியேதான்! அதை அடுக்கடுக்காகச் செய்யும் முறையை இங்கே எழுதுகிறேன்.

1798-இல் அலெப்போ நகரிலிருந்து ஷாலோம் கோஹன் என்ற வணிகர் இங்கு வந்தார். பின்னர் பாக்தாதிலிருந்து பலர் வந்தனர். 1856-இல் பெத் எல், 1884-இல் மாகேன் டேவிட் ஆகிய தொழுகைக் கூடங்கள் எழுந்தன. 1940-களில் சில ஆயிரம் பேராக இருந்த அச்சமூகம், பிறகு இங்கிலாந்து, இஸ்ரேல், ஆஸ்திரேலியா எனப் பிரிந்து சென்றது. இன்று எஞ்சியிருப்போர் மிகச் சிலர்.

தாயின் பாலில் குட்டியைச் சமைப்பதை யூதர் வேதம் விலக்குகிறது. ஆகவே இறைச்சி உண்ட விருந்தில் பாயசமோ, பாலேடோ பரிமாறுதல் கூடாது. விலங்கின் தோல், எலும்புகளிலிருந்து எடுக்கும் ஜெலட்டினும் அவர்களுக்கு ஐயத்துக்குரியது. வங்கத்தில் வாழ்ந்தவர்களுக்குத் தேங்காய்ப்பால் கைகொடுத்தது; ஜெலட்டினுக்குப் பதில் கடற்பாசி உதவியது. பல யூதர் வீடுகளில் அடுப்படியை ஆண்டவர்கள் முஸ்லிம் சமையற்காரர்கள் என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது.

இனி, செய்முறை. செப்டம்பர் அல்லது அக்டோபரில் வரும் யூதப் புத்தாண்டுக்கு மாதுளையும் ஆப்பிளும் உரியவை. ஆதலால் அவற்றையே நான் சேர்க்கிறேன்.

10 கிராம் கடற்பாசியை (கடையில் ‘சைனா கிராஸ்’ என்று கேளுங்கள்) அரை மணி நேரம் ஊறவைத்துப் பிழிந்து, அரை லிட்டர் நீரில் போட்டு, இழை தெரியாமல் கரையும் வரை கொதிக்க விடுங்கள். 150 கிராம் சர்க்கரை சேர்த்து வடிகட்டி, இரு பாதியாக்குங்கள்.

ஒரு பாதியை இறக்கி வைத்தபின், கால் லிட்டர் மாதுளைச் சாறு கலக்க வேண்டும். புளிப்புச் சாற்றைப் பாசியோடு சேர்த்துக் கொதிக்கவிட்டால் அதன் கட்டும் தன்மை குறையும். சாறு வெதுவெதுப்பாக இருக்கட்டும். குளிர்ந்த சாறு பட்டால் பாசி உடனே திரண்டுவிடும். நறுக்கிய ஆப்பிளைத் தட்டில் பரப்பி, அதன்மேல் ஊற்றுங்கள்.

மறுபாதியில் கால் லிட்டர் கெட்டித் தேங்காய்ப்பாலும் ஒரு சிட்டிகை உப்பும் கலந்து, சுடுநீர்ப் பாத்திரத்துள் வைத்துச் சூடு காத்திடுங்கள். கீழடுக்கைத் தொட்டால் விரலில் லேசாக ஒட்டும் பதமே மேலடுக்கு ஊற்றும் பதம். அதற்கு முன் ஊற்றினால் இரண்டும் கலந்துவிடும். நன்றாக ஆறிவிட்டாலோ, வெட்டும்போது அடுக்குகள் வழுக்கிப் பிரியும். அகப்பையின் முதுகில் விழுமாறு மெல்ல ஊற்றுங்கள்.

ஏறத்தாழ 35 முதல் 40 டிகிரி வெப்பத்திலேயே பாசி உறையும். மீண்டும் உருக 85 டிகிரியளவு வேண்டும். ஆகவே குளிர்பெட்டி இல்லாத விடுதி அறையிலும் கொல்கத்தாப் புழுக்கத்திலும் இது நிலைத்து நிற்கும்.

இராமநாதபுரக் கடலோரப் பெண்கள் மன்னார் வளைகுடாவில் மூழ்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்தும் இந்த அகர் கிடைக்கிறது. தமிழ் முஸ்லிம்கள் நோன்பு திறக்கையில் உண்ணும் கடற்பாசியும் இதுவே.

நம் விடுதிப் பந்தியில் ஒருவர் சைவம். ஒருவருக்கு ஹலால் வேண்டும். இன்னொருவருக்குப் பால் ஒவ்வாது. உணவைப் பிரித்து வைக்கும் ஒரு விதியிலிருந்து பிறந்த இவ்வினிப்பை இம்மூவரும் ஒரே தட்டிலிருந்து எடுத்து உண்ணலாம். இதைச் செய்துவந்த குடும்பங்கள் பெரும்பாலும் கடல் கடந்துவிட்டன. செய்முறையையாவது இந்நகரில் தங்க வைப்பது நம்மால் இயலும். இவ்வாண்டுச் சங்க விருந்தில் ஒரு தட்டு வைத்துப் பாருங்களேன்!