பேசாத நோயாளி

தன் நோவை எடுத்துரைக்கவியலாத நோயாளி குழந்தை. ஆதலின், குழந்தை வைத்தியம் பயிலும் மாணவன் முதற்கண் பழக்கவேண்டியவை கண்ணும் செவியுமே.

இலண்டனில் டாக்டர் சாள்ஸ் வெஸ்ற் 1852 ஆம் ஆண்டிலே பத்துப் படுக்கைகளுடன் குழந்தைகளுக்கெனத் தனி வைத்தியசாலை தொடங்கினார். கொழும்பிலே றிட்ஜ்வே சீமாட்டி சிறுவர் வைத்தியசாலை 1895 இல் எழுந்தது. இன்றும் மருத்துவ மாணவர் அங்கே பயிற்சி பெறுகின்றனர்.

இருமலுங் காய்ச்சலுங் கொண்ட குழந்தையொன்று வருகின்றதெனக் கொள்வோம். மாணவன் உடனே அதனைத் தொடலாகாது. அழுதால் மூச்சின் கதி மாறிவிடும். தாயின் மடியில் அது அமைதியாயிருக்கையில், சட்டையை உயர்த்தி, ஒரு நிமிடம் முழுவதும் மூச்சை எண்ணுதல் வேண்டும். இரண்டு மாதத்துக்குட்பட்ட சிசுவுக்கு 60, அதன்மேல் ஒரு வயதுவரை 50, ஐந்து வயதுவரை 40 என்னும் எண்ணை எட்டினாலே அது விரைந்த மூச்சு, நியூமோனியாவின் அறிகுறியாகலாம். மூச்சிழுக்கையில் மார்பின் கீழ்ப்பகுதி உட்குழியுமாயின் நோய் முற்றியதென்றறிக.

“பிள்ளை பால் குடிக்கிறானில்லை, ஐயா” என்று தாய் கூறுவதை வெறும் புலம்பலென மாணவன் தள்ளிவிடலாகாது. பாலுண்ண மாட்டாமை உயிராபத்தைக் காட்டும் குறிகளுள் ஒன்று. மருந்தின் அளவையும் குழந்தையின் நிறை கொண்டே கணித்தல் வேண்டும்.

எண்ணவும் நிறுக்கவும் நூல்கள் கற்பிக்கும். பேசாத குழந்தைக்காகப் பேசுபவள் தாயே. அவள் சொல்லைத் தட்டாத மாணவனே நல்ல வைத்தியனாவான்.