உங்களுக்குத் தெரியுமா? கம்பளி தராத ஆடும் காயம் கட்டும் துணியும்

● கார்த்திகை மாதக் கைசிக ஏகாதசி இரவில் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலில் 108 வஸ்திரங்களைப் போர்வையாகச் சாற்றுவார்கள். குளிர்காலம் பிறந்துவிட்டதாம்! ஊர்க்காரர்களுக்கு அந்தக் குளிர் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டால் போய்விடும்.

● போர்வை என்றதும் கம்பளி நினைவுக்கு வரும். இந்தப் பக்கத்து ஆட்டில் கம்பளி கிடைக்காதா? கிடைக்காது. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் செம்மறிக்குப் பஞ்சமில்லை. ஆனால் தென்மாவட்டத்துச் செம்மறிகளின் உடம்பில் இருப்பது வெறும் மயிர். வேம்பூர் ஆட்டுக்கு வெள்ளை உடம்பில் செந்நிறத் திட்டுகள் இருக்கும். ‘பொட்டு ஆடு’ என்பார்கள். கீழக்கரிசல் ஆடு அடர்ந்த பழுப்பு. இரண்டுக்குமே குட்டை மயிர்தான். முறுக்கிப் பார்த்தால் ஒன்றையொன்று பிடிக்காமல் நழுவிவிடும். கம்பளி இழை அப்படியில்லை. அதில் இயற்கையான சுருள் உண்டு. மேல்தோலில் மீன்செதில் போன்ற அடுக்கும் உண்டு. அதனால்தான் இழைகள் கோத்துக்கொண்டு நூலாகின்றன.

வெயில் காயும் கரிசலில் ஆட்டுக்கு எதற்குக் கம்பளிச் சட்டை? இங்கே யாரும் ஆட்டுக்கு மயிர் கத்தரிப்பதில்லை. ஆட்டின் மதிப்பு கறியிலும் புழுக்கையிலும். அறுவடை முடிந்த நிலத்தில் இரவில் மந்தையை அடைத்து உரமேற்றுவதற்குக் ‘கிடை போடுதல்’ என்று பெயர். பல மந்தைகளைச் சேர்த்து ஊர் ஊராக ஓட்டிப் போகும் தலைவர் கீதாரி. அந்த எருவில் பருத்தியும் விளையும். சுற்றிவளைத்துப் பார்த்தால் நூலில் ஆட்டுக்கும் பங்கு இருக்கிறது!

● கம்பளிக்கு ஆகும் ஆட்டுக்குத் தமிழில் தனிப் பெயரே உண்டு: குறும்பாடு. கோயம்புத்தூர் குறும்பை, திருச்சி கருங்குறும்பை என்று இன்றும் இனப் பெயர்களில் அந்தச் சொல் வாழ்கிறது. வளர்த்தவர்கள் குறும்பர்கள். இவற்றின் மயிர் முரடு, சால்வைக்கு ஆகாது, கம்பளிக்கு ஆகும். கருங்குறும்பை மயிருக்குச் சாயச் செலவும் மிச்சம், பிறவியிலேயே கறுப்பு!

● தக்காணத்துக் குறும்பர்கள் கம்பளி நெய்வதைப் பார்த்தால் நம் சமையலறை நினைவுக்கு வரும். கத்தரித்த மயிரை வில் நாணால் அடித்துப் பஞ்சாக்கி, நூற்று, பாவு ஓடியபின் கஞ்சி போடுவார்கள். அரிசிக் கஞ்சி இல்லை, புளியங்கொட்டைக் கஞ்சி. அது காய்ந்ததும் நூல் விறைப்பாகிறது. தறியிலிருந்து இறங்கும் கம்பளி, மழையில் கொங்காணியாகப் போட்டுக்கொள்ளத் தோதாக இருக்கும். குத்தும்தான். ஆனால் ஆட்டுக்காரர் மழைக்கும் பனிக்கும் படுக்கைக்கும் அந்த ஒன்றையே வைத்துக்கொண்டு காலம் தள்ளிவிடுவார்.

● மிருதுவான கம்பளி வேண்டுமானால் மலையேற வேண்டும். கொடைக்கானல் மலையில் மன்னவனூரில், மத்திய செம்மறி மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் 1965 முதல் இருக்கிறது. அங்கே மேய்வது பாரத் மெரினோ என்ற செம்மறி இனம்.

● ராஜபாளையத்துக்காரர்களுக்கு நூல் என்றால் பருத்திதான். பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936இல் ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கினார். ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் சுந்தரபாண்டியத்தில் கைத்தறி.

● நூல் வாங்கும்போது ‘80ஆம் நம்பர்’ என்கிறார்களே, அது என்ன கணக்கு? 840 கஜம் நீளம் ஒரு சிட்டம். ஒரு பவுண்டு எடையில் எத்தனை சிட்டம் நிற்கிறதோ அதுவே நூலின் நம்பர். அதாவது அரைக் கிலோவுக்கும் குறைவான 80ஆம் நம்பர் நூலைப் பிரித்து நீட்டினால் சுமார் 61 கிலோமீட்டர் போகும்.

● ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி, சமுசிகாபுரம் வட்டாரத்துப் பெருந்தொழில் பேண்டேஜ் துணி. நாடு முழுக்க ஆஸ்பத்திரிகளுக்கு இங்கிருந்து போகிறது. கைத்தறியில் தொடங்கி இப்போது விசைத்தறி. இந்த நெசவில் ஒரு வேடிக்கை உண்டு. வேட்டியில் இழை விலகி நின்றால் கடைக்காரர் திருப்பி அனுப்பிவிடுவார். காயம் கட்டும் காஸ் துணியில் இழை விலகி நிற்கத்தான் வேண்டும், காற்றும் மருந்தும் உள்ளே போக.

தறியிலிருந்து இறங்கும் காடாத் துணியை அப்படியே காயத்தில் வைத்தால் இரத்தத்தை உறிஞ்சாது. பருத்தியின் மேல் இயற்கையாகவே மெல்லிய மெழுகு படிந்திருக்கிறது. பச்சைப் பஞ்சைத் தண்ணீரில் போட்டால் மிதப்பது அதனால்தான். காரத்தில் வேகவைத்து வெளுத்தபின்தான் அது உறிஞ்சும். மருத்துவப் பஞ்சுக்கான சோதனையே தண்ணீரில்தான்: 10 விநாடிக்குள் மூழ்கினால் தேர்ச்சி.

● அம்பர் ராட்டை என்றதும் வடநாட்டுப் பெயர் என்று நினைப்போம். அதைக் கண்டுபிடித்தவர் நம் தமிழ்நாட்டு ஏகாம்பரநாதன். அவர் பெயரின் நடுத்துண்டுதான் ‘அம்பர்’! ஒரே ராட்டையில் பல கதிர்கள் சுழலும். 1950களில் கதர் இயக்கம் அதை நாடெங்கும் கொண்டுபோனது.

● தேசியக் கொடியை ஆட்டு ரோமத்திலும் நெய்யலாம். 2002 கொடி விதித்தொகுப்பு கையால் நூற்று, கையால் நெய்த பருத்தி, பட்டு, கம்பளி மூன்றையும் ஏற்றது. மில் துணியும் பாலியஸ்டரும் உள்ளே வந்தது 2021 டிசம்பர் 30 திருத்தத்துக்குப் பிறகு. வந்திருக்க வேண்டாம் என்பது என் கட்சி.

● சிலப்பதிகாரத்தில் வரும் புகார் நகரக் காருகர்கள், அதாவது நெசவாளர்கள், பட்டு, பருத்தி, மயிர் மூன்றிலும் நெய்தார்கள். என்ன மயிர்? ஆட்டு மயிர் என்று நினைப்போம். பழைய உரையோ எலி மயிர் என்கிறது! திருத்தக்கதேவரின் சீவக சிந்தாமணியில் இன்னும் ஒருபடி மேல். நெருப்பைத் தின்னும் சிவந்த எலியின் மயிரால் ஆன கம்பலம் அதில் வருகிறது. நெருப்பில் வாழும் எலி, அதன் மயிரில் நெய்த தீப்பிடிக்காத ஆடை என்ற கதை சீனத்திலும் ஜப்பானிலும் உண்டு.

● அந்த எலிக் கம்பலம் கிடைக்காது. ஆனால் கடையில் ‘அசல் கம்பளி’ என்று வாங்கியதைச் சோதிக்கத் தீக்குச்சி போதும். ஓர் இழையை உருவிக் கொளுத்துங்கள். முடி பொசுங்கும் வாடை வந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் கம்பளி. காகிதம் எரிந்த வாடை என்றால் பருத்தி. உருகிக் கெட்டி மணியாக உறைந்தால் அக்ரிலிக். கடைக்காரரிடம் திரும்பப் போக வேண்டியதுதான். ஓர் இழை மட்டும் உருவுங்கள், போர்வையையே கொளுத்திவிடாதீர்கள்!