ஒண்ணு இருக்கு, அடுத்தது தங்கவில்லையா?



“ஒண்ணு பெத்தவதானே, அடுத்தது தானா வரும்.” கருவேப்பிலங்குறிச்சிப் பக்கம் எந்தத் திண்ணையில் உட்கார்ந்தாலும் இந்தப் பேச்சு காதில் விழும். முதல் பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்கியும் அடுத்தது வராவிட்டால் பேச்சு மாறிவிடும். “அவ உடம்பு சூடு” என்று பழியை மனைவியின் தலையில் ஏற்றுவார்கள். முதல் குழந்தை பிறந்துவிட்டதால் இனி குறையே வராது என்று நினைப்பது சரியல்ல. இடையில் மனைவியின் உடம்பும் மாறலாம், கணவனின் உடம்பும் மாறலாம்.

எவ்வளவு காலம் பொறுக்கலாம்? பிரசவத்துக்குப் பின் இரண்டு ஆண்டுகளாவது தாயின் உடம்பு தேற வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் கருத்தடை ஊசி போட்டிருந்தால், கடைசி ஊசிக்குப் பின் கரு தங்க ஏழு முதல் பத்து மாதம் ஆகலாம். அதற்காகப் பயப்பட வேண்டாம். காப்பர்-டி எடுத்தவர்களுக்கு அந்தத் தாமதம் இல்லை.

தடுப்பு முறை எதுவும் இல்லாமல் சேர்ந்து வாழ்ந்து ஓராண்டு ஆகியும் கரு தங்காவிட்டால் டாக்டரிடம் வாருங்கள். மனைவிக்கு 35 வயது ஆகிவிட்டால் ஆறு மாதம் போதும். 40 தாண்டினால் காத்திருக்கவே வேண்டாம். கணவர் திருப்பூரிலோ வெளிநாட்டிலோ வேலை பார்த்து, வருஷத்துக்கு இரண்டு தடவை லீவில் வந்து போனால் அதை ஓராண்டு என்று கணக்கு வைக்காதீர்கள். 28 நாளைக்கு ஒருமுறை தூரமாகிறவர்களுக்கு, தூரமான முதல் நாளிலிருந்து எண்ணி ஏறத்தாழ 10 முதல் 16 வரையுள்ள நாட்களே கரு தங்கும் நாட்கள். அப்போது ஒருநாள் விட்டு ஒருநாள் சேர்ந்திருந்தால் போதும்.

சிலர் வயதையும் மாதத்தையும் பார்க்காமல் உடனே வர வேண்டும். முதல் பிரசவத்துக்கோ கருச்சிதைவுக்கோ பின் காய்ச்சலும் துர்நாற்றத்தோடு வெள்ளைப்படுதலும் இருந்தவர்கள், காசநோய் வந்தவர்கள் (அது கருக்குழாயையும் அடைத்துவிடும்), தூரம் இரண்டு மூன்று மாதம் தள்ளிப் போகிறவர்கள் எல்லாரும் இதில் சேர்த்தி. பிரசவத்தில் ரத்தம் மிகுதியாகப் போய், பிறகு பாலும் சுரக்காமல் தூரமும் வராமல் இருந்தால் அதை அலட்சியம் செய்யவே கூடாது.

இனி கணவன்மாருக்கு ஒரு வார்த்தை. விருத்தாசலம் செராமிக் கம்பெனிகளில் சூளையடியில் நிற்கிறவர்கள் நன்றாகக் கேளுங்கள். விதைப்பை உடம்புக்கு வெளியே தொங்குவது சும்மா இல்லை. உடம்பைவிட இரண்டு மூன்று டிகிரி குளிர்ச்சியில்தான் உயிரணு சரியாக உண்டாகும். இத்தாலியில் செராமிக் சூளைத் தொழிலாளரிடம் நடத்தி 1992-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், அவர்களுக்குக் குழந்தை உண்டாவதில் சிரமம் கூடுதலாக இருந்தது. உயிரணுவின் வேகத்திலும் குறைவு தெரிந்தது. ஈயம் கலந்த மெருகுப் பூச்சும் கெடுதல்தான். இதனால் வேலையை விடச் சொல்லவில்லை. வேலையை விட்டால் அடுப்பு எரியுமா? சூளையை விட்டு அடிக்கடி விலகி நில்லுங்கள். வீட்டுக்குள் போகுமுன் கைகால் கழுவிச் சட்டையை மாற்றுங்கள். ஓர் உயிரணு உருவாக ஏறத்தாழ 74 நாட்கள் ஆகும். ஆகையால் இன்று பீடியும் சாராயமும் நிறுத்தினால் பலன் மூன்று மாதம் கழித்தே தெரியும்.

விந்துப் பரிசோதனையில் ஊசியும் இல்லை, கத்தியும் இல்லை. இரண்டு முதல் ஏழு நாட்கள் சேராமல் இருந்து கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். இதற்குக் கூச்சப்பட்டுக்கொண்டு, மனைவியை மட்டும் ஊர் ஊராக அலைய வைப்பது நியாயமா?

குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்குப் பின் பிள்ளையைப் பறிகொடுத்தவர்களும் மனம் உடைய வேண்டாம். 2004 சுனாமியில் பிள்ளைகளை இழந்த தாய்மாருக்கு, குழாயை மறுபடி இணைக்கும் ஆபரேஷனை அரசே இலவசமாகச் செய்ய ஏற்பாடு செய்தது. எல்லாருக்கும் பலிக்கும் என்று சொல்ல முடியாது. மனைவியின் வயது குறைவாக இருந்தால் வாய்ப்பு அதிகம்.

முதலில் உங்கள் கிராம சுகாதாரச் செவிலியரிடம் சொல்லுங்கள். அவர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும், தேவையானால் விருத்தாசலம் அரசு மருத்துவமனைக்கும் வழிகாட்டுவார். தனியார் குழந்தைப்பேறு மையத்துக்குப் போனால், 2021-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெற்றதா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். வரும்போது முதல் பிரசவத்தின் டிஸ்சார்ஜ் சீட்டு, பழைய மருந்துச் சீட்டுகள், கடைசி ஆறு மாதம் தூரமான தேதிகள் ஆகியவற்றை எடுத்து வாருங்கள். காலண்டரில் குறித்திருந்தால் அந்தக் காலண்டரையே கொண்டு வந்தாலும் சரி.