பழைய ஓட்டு வீட்டைப் புதுப்பிக்கிறீர்களா? சுவர், கூரை, தண்ணீர் பற்றிச் சில குறிப்புகள்

மொரப்பூர், கம்பைநல்லூர், அரூர் பக்கம் ரெண்டு வகை வீடுகள் அடுத்தடுத்து நிற்பதைப் பார்க்கலாம். ஒன்று புதுசாகக் கட்டின மெத்தை வீடு. இன்னொன்று தாத்தா காலத்து ஓட்டு வீடு: மண் சுவர், இல்லாவிட்டால் மண்சேறு வைத்து அடுக்கின கருங்கல் சுவர், மேலே கைமரம், ரீப்பர், சீமை ஓடு. இந்த ரெண்டாவது வகை வீட்டைத்தான் இப்போது நிறையப் பேர் சரி பண்ணப் பார்க்கிறார்கள். பெங்களூரிலோ திருப்பூரிலோ சில வருஷம் வேலை பார்த்துச் சேர்த்த காசு, பத்தாததற்கு ஒரு நகைக்கடன். இந்தக் காசு ஒரு தடவைக்குத்தான் இருக்கும். ரெண்டு மழை கழித்துச் சுவர் பொரிந்து கொட்டினால் மறுபடி செலவு பண்ண வழி கிடையாது.

இதில் நடக்கிற பெரிய தப்புகளுக்கு ஒரே வேர்தான் என்று எனக்குப் படுகிறது. பழைய வீட்டை, கொஞ்சம் மட்டமான புது வீடு என்று நினைத்து வேலையை ஆரம்பிக்கிறோம். ஆனால் அது வேறு மாதிரி இயங்குகிற வீடு. தண்ணீரையும் எடையையும் அது கையாளுகிற விதமே வேறு.

1. மண் சுவருக்குச் சிமெண்ட் பூசுவது

புது வீட்டில் அஸ்திவாரத்துக்கு மேலே ஒரு பெல்ட் இருக்கும். தரையில் இருக்கிற ஈரம் மேலே ஏறாமல் அது பெரும்பாலும் தடுத்துவிடும். பழைய வீட்டில் அப்படி எதுவும் கிடையாது. விளக்குத்திரி எண்ணெயை உறிஞ்சுகிற மாதிரி, மண் சுவர் நிலத்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். இருந்தும் அந்தச் சுவர் இத்தனை வருஷம் நின்றது எப்படி? ஏறின ஈரம் சுவரின் முகம் வழியாகவே காய்ந்து வெளியே போய்விடும். மண் பூச்சும் சுண்ணாம்புக் காரையும் அதற்கு வழி விடும்.

அதன் மேல் சிமெண்ட் பூசினால் அந்த வழி அடைபடுகிறது. ஈரம் போக இடம் தேடி இன்னும் உயரமாக ஏறும். நிலத்து உப்பையும் கூடவே கொண்டுவரும். பெயிண்ட் கொப்பளிக்கும், உப்பு பூக்கும், கடைசியில் பூச்சு பலகை பலகையாகப் பெயரும். "சிமெண்ட் சரியில்ல, மேஸ்திரி ஏமாத்திட்டான்" என்று சொல்லி, இன்னும் கெட்டியாக ஒரு பூச்சு பூசுவார்கள். உள்ளே மண் இன்னும் இளகும். வெளியே பார்க்க நன்றாக இருக்கிற சுவர் உள்ளுக்குள் சேறாகி, ஒரு அடைமழையில் உட்கார்ந்துவிடுவது இப்படித்தான். சுவரில் மூன்றடி உயரத்துக்கு டைல்ஸ் ஒட்டுவதும் இதே வேலையைத்தான் செய்யும்.

இது நம்ம ஊர்ப் பிரச்சினை மட்டுமில்லை. அமெரிக்காவில் நியூ மெக்சிகோ மாநிலத்து ராஞ்சோஸ் தெ தாவோஸ் ஊரில் 200 வருஷம் பழமையான ஒரு தேவாலயம் இருக்கிறது. சுடாத மண் கல்லால் கட்டினது. வருஷா வருஷம் மண் பூசுவது சிரமம் என்று 1967-ல் அதற்குச் சிமெண்ட் பூசினார்கள். ஈரம் உள்ளே சிக்கிச் சுவர் கெட ஆரம்பித்தது. 1979-ல் அவ்வளவையும் உரித்துவிட்டு மண் பூச்சுக்கே திரும்பினார்கள். இன்றும் ஊர்க்காரர்கள் வருஷம் ஒரு தடவை கூடி மண் பூசுகிறார்கள்.

நம்ம பாட்டிமார்கள் பொங்கலுக்கு முன்னால் விரிசலை மண்ணால் அடைத்து, சாணி மெழுகி, சுண்ணாம்பு அடித்தது இதே பராமரிப்புதான். அதை வெறும் சடங்கு என்று நிறுத்திவிட்டோம்.

என்ன செய்யலாம்? முதலில் ஈரம் வருகிற வழிகளைக் குறையுங்கள். ஒழுகுகிற ஓட்டை மாற்றுங்கள். கூரைத் தண்ணி சுவரை ஒட்டி விழாமல் தள்ளி விழ வையுங்கள். குளிக்கிற, பாத்திரம் கழுவுகிற தண்ணியைச் சுவரை விட்டுத் தூரமாகக் கொண்டுபோங்கள். அப்புறம் கீழ் மூன்றடி சிமெண்டை உரித்து, சுவரை ஒரு கோடை முழுக்கக் காயவிட்டு, சுண்ணாம்பும் மணலும் கலந்து பூசுங்கள்.

2. ஓட்டைப் பிரித்துவிட்டு கான்கிரீட் போடுவது

இதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும். 5 அங்குல கான்கிரீட் தளம் சதுர அடிக்குச் சுமார் 30 கிலோ. சீமை ஓடும் ரீப்பரும் சேர்ந்து சதுர அடிக்குச் சுமார் 6 கிலோ. 10-க்கு 12 அறை என்றால் 120 சதுர அடி. ஓட்டுக் கூரை முக்கால் டன்னுக்குள் முடிந்துவிடும். தளமோ மூன்றரை டன்னைத் தாண்டும். அதுக்கு மேல் தட்டு ஓடு, தண்ணி டேங்க், ஆட்கள்.

இந்த எடையைத் தாங்குவதற்கென்று அந்த மண் சுவரையும் அஸ்திவாரத்தையும் யாரும் கட்டவில்லை. "செவுரு ரெண்டடி அகலம், எதையும் தாங்கும்" என்று சொல்வார்கள். காய்ந்திருக்கும்போது தாங்கலாம். நனைந்த மண்ணுக்கு அந்த வலு கிடையாது. கான்கிரீட்தான் வேண்டும் என்றால், தனி அஸ்திவாரம் போட்டுத் தூண் எழுப்பி, எடை முழுக்கத் தூணில் இறங்கும்படி செய்யணும். இன்ஜினியர் ஒருத்தரிடம் காட்டாமல் இதைத் தொடவே கூடாது. ஹாலைப் பெருசாக்க நடுச்சுவரை எடுக்கிறவர்களுக்கும் இதே எச்சரிக்கைதான். உத்திரம் எந்தச் சுவரில் உட்கார்ந்திருக்கிறது என்று அண்ணாந்து பார்த்துவிட்டு அப்புறம் கடப்பாரையை எடுங்கள்.

3. ரோடு மட்டத்தைக் கவனிக்காமல் தரை போடுவது

பழைய வீடுகள் பல, ரோட்டை விடப் பள்ளத்தில் போய்விட்டன. பழைய ரோட்டின் மேலேயே புது ரோடு போட்டுப் போட்டு உயர்ந்ததுதான் காரணம். பழைய சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போடணும் என்று 2021 மே மாதம் அப்போதைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு அதிகாரிகளுக்கு அறிவுறுத்தினார். உங்கள் தெருவில் வேலை நடக்கும்போது இதைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

உயர்ந்துபோன ரோட்டை நம்மால் இறக்க முடியாது. டைல்ஸ் வாங்குவதற்கு முன்னால், மழைத்தண்ணி வாசலில் எவ்வளவு உயரம் நிற்கிறது என்று சுவரில் கோடு போட்டு வையுங்கள். தரை அதற்கு மேலே வரணும். தரையை உயர்த்தினால் நிலைக்கதவு உயரம் குறையும், ஜன்னல் கீழே இறங்கின மாதிரி ஆகும். அதையும் சேர்த்தே திட்டம் போடுங்கள்.

4. தண்ணி விடுவதில் கஞ்சத்தனம்

புதுசாகக் கான்கிரீட் போடுகிற இடத்தில் இது முக்கியம். சாதா சிமெண்ட் என்றால் குறைந்தது 7 நாள், கலப்புச் சிமெண்ட் என்றாலோ வறண்ட வெயில் காலம் என்றாலோ குறைந்தது 10 நாள் ஈரம் காயாமல் வைத்திருக்கணும் என்கிறது இந்தியத் தர நிர்ணயத்தின் ஐ.எஸ். 456. மூட்டை மேல் பி.பி.சி. என்று போட்டிருந்தால் அது கலப்புச் சிமெண்ட். நம்ம பக்கத்துச் சித்திரை வெயிலில் காலையும் சாயந்திரமும் வாளியில் தெளித்தால் போதாது. தளத்தில் பாத்தி கட்டித் தண்ணி நிறுத்துங்கள், தூணுக்கு ஈரச் சாக்கு சுற்றுங்கள். லேபர் கான்ட்ராக்ட் பேசும்போதே தண்ணி விடுவது யார் பொறுப்பு என்று எழுதிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அது யார் பொறுப்பும் இல்லாமல் போய்விடுகிறது.

5. வேலையைத் தலைகீழாக ஆரம்பிப்பது

கண்ணுக்குத் தெரிகிறதை முதலில் செய்யத்தான் மனசு சொல்லும்: பெயிண்ட், டைல்ஸ், சீலிங். சரியான வரிசை இது: கூரை, வடிகால், சுவர், வயரிங், பைப், தரை, கடைசியில் பெயிண்ட். முதல் மூன்றுக்கே காசு தீர்ந்துபோனால் நஷ்டமில்லை. வீடு அழகில்லாமல் இருக்கும், ஆனால் நிற்கும். மீதியை அடுத்த வருஷம் செய்யலாம்.

அவசரம் இல்லையென்றால் ஐப்பசி, கார்த்திகை மழையை ஒரு தடவை வீட்டுக்குள் இருந்தே பாருங்கள். எங்கே ஒழுகுகிறது, ஓதம் எவ்வளவு உயரம் ஏறுகிறது, கைமரம் சுவரில் சேருகிற இடத்தில் கரையான் இருக்கிறதா, எல்லாவற்றையும் ஒரு நோட்டில் குறியுங்கள். தை பிறந்ததும் மேஸ்திரியைக் கூப்பிட்டு, அந்த நோட்டை வைத்துக்கொண்டு பேச்சை ஆரம்பியுங்கள்.