கம்ப்யூட்டருக்கும் ஒரு பட்டறை!
மூளைப் படங்களை ஆராயும் "நைபைப்"

தச்சர் மேஜை செய்கிறார். பட்டறையில் மரத்தூள் விழுகிறது. சீவல் குவிகிறது. வேலை முடிந்ததும் கூட்டி எறிகிறார். ஆனால், மேஜையை எறிவது இல்லை!

கம்ப்யூட்டருக்கும் இப்படி ஒரு பட்டறை உண்டு. அதற்கு "ஒர்க்கிங் டைரக்டரி" என்று பெயர். அங்கே எதை வைப்பது, எதை எறிவது என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால், பல நாள் உழைப்பு வீணாகிவிடும்!

நைபைப் என்றால் என்ன?

மனித மூளையின் ஸ்கேன் படங்களை ஆராய்கிற விஞ்ஞானிகளுக்கு உதவும் இலவசப் புரோகிராம், "நைபைப்". இதுபற்றிய ஆராய்ச்சிக் கட்டுரை 2011-ம் ஆண்டில் வெளிவந்தது.

மூளைப் படங்களை ஆராய ஏற்கனவே பல புரோகிராம்கள் உண்டு. லண்டனில் பிறந்தது, எஸ்.பி.எம். ஆக்ஸ்போர்டில் பிறந்தது, எப்.எஸ்.எல். அமெரிக்காவில் உருவானது, பிரீசர்பர். இவற்றை ஒரே சங்கிலியாகக் கோத்து வேலை வாங்குகிறது, நைபைப்.

தனித்தனி அறை

வேலையின் ஒவ்வொரு படிக்கும் தனி அறை (போல்டர்) உண்டு. இந்த அறைகள் எல்லாம் எங்கே அமைய வேண்டும் என்பதை "பேஸ் டிர்" என்ற கட்டளை மூலம் சொல்லலாம்.

உள்ளே வருகிற பைலுக்கு நைபைப் ஒரு "கைரேகை" எடுத்துக்கொள்ளும். மறுமுறை அதே கைரேகை இருந்தால், "இந்த வேலை முடிந்துவிட்டது" என்று தாண்டிப் போய்விடும்.

இதனால் என்ன லாபம்? ஒரே ஒருவருடைய மூளைப் படத்தை அலசவே பிரீசர்பருக்குப் பல மணி நேரம் ஆகும். 100 பேர் என்றால்? நடுவில் மின்சாரம் போனாலும், முடிந்த படிகளை மறுபடியும் செய்ய வேண்டியது இல்லை!

இரண்டு வகைக் கைரேகை

சாதாரணமாக, பைலின் அளவையும் அது கடைசியாக மாறிய நேரத்தையும் மட்டும் நைபைப் பார்க்கும். இது வேகமான முறை. ஆனால், பைலை நகல் எடுக்கும்போது நேரம் மாறிவிட்டால், உள்ளே ஓர் எழுத்துகூட மாறாவிட்டாலும் மறுபடி கணக்குப் போடும்!

"உள்ளே இருப்பதைப் படித்துப் பார்" என்றும் கட்டளை இடலாம். அது நம்பகமானது, ஆனால் பெரிய பைல் என்றால் நேரம் பிடிக்கும்.

குப்பை கூட்டலாமா?

இடைப்பட்ட படங்கள் குவிந்தால், கம்ப்யூட்டரில் இடம் தீர்ந்து வேலையே நின்றுவிடும். பயன்படுத்தி முடித்த அறைகளை உடனுக்குடன் அழித்துவிட ஒரு கட்டளை இருக்கிறது. ஆனால், எச்சரிக்கை! அறையை அழித்தால் கைரேகையும் போய்விடும். பிறகு ஒரு சிறு திருத்தம் செய்தாலும், அழிந்த படிகளைத் திரும்பவும் செய்ய நேரிடும்.

ஆகவே இடம் போதும் என்றால், ஆராய்ச்சி முடிகிறவரை அறைகளை அழிக்காமல் இருப்பதே நல்லது.

முடிவான படங்களை என்ன செய்வது? அவற்றைப் பட்டறையிலேயே விட்டுவைக்கக் கூடாது. "டேட்டாசிங்க்" என்ற பகுதி, அவற்றை வேறு இடத்தில் பத்திரமாகச் சேர்த்துவிடும்.

அதன் பிறகு பட்டறையைத் தாராளமாகப் பெருக்கலாம்!